கணக்கேட்டில் கடவுளைத் தேடியவர்



கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சற்று வடக்கே சென்றால் மருதமுனை என்னும் ஊர் வரும். நம் கரையோரத்து இஸ்லாமியச் சகோதரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைத்தறி நெசவு செய்துவரும் ஊர் அது. அங்கு நெய்யப்பட்ட சாரத்தையும் சேலையையும் அறியாத குடும்பம் நம் பகுதியில் இல்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை அவ்வூரில் உயிர்களையும் வீடுகளையும் மட்டுமல்ல, தறிகளையும் வாரிச் சென்றது. மீண்டும் தறி நாட்டியவர்கள் உண்டு. நாட்ட இயலாமல் வேறு தொழில் தேடிப் போனவர்களும் உண்டு. நூலும் சாயமும் கடல் கடந்து வரவேண்டியிருக்கின்றன. அவற்றின் விலை ஏறும்போதெல்லாம் நெசவாளியின் கூலியே முதலில் குறைகிறது. அதே வேளை, கடைத்தெருவில் விசைத்தறித் துணி மலிவாகக் குவிந்து கிடக்கிறது.

நத்தாருக்குப் புத்தாடை வாங்கக் குடும்பத்தோடு கடைக்குச் செல்கிறோம். நிறத்தைப் பார்க்கிறோம், விலையைக் கேட்கிறோம், பேரம் பேசுகிறோம். இத்துணியை நெய்தவர் யார், அவர் வீட்டில் இன்று உலை கொதித்ததா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? இக்கேள்விக்கும் நம் விசுவாசத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு என்று தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்துச் சொன்னவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர். அவர் குருவானவரல்லர், துறவியுமல்லர். கணக்காய்வாளர். ஜே. சி. குமரப்பா என்று இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் அறியப்பட்ட அப்பெருமகனின் வாழ்வை இவ்வாரம் சிந்திப்போம்.

தறி நின்ற கதை

குமரப்பாவின் கேள்வியைப் புரிந்துகொள்வதற்கு அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர் இங்கிலாந்தில் நடந்ததை அறிய வேண்டும். 1785 ஆம் ஆண்டில் எட்மண்ட் கார்ட்ரைட் என்பவர் விசைத்தறிக்கு உரிமம் பெற்றார். அவர் ஆங்கிலிக்கன் சபையின் குருவானவர் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கும் செய்தி. அவர் எவருக்கும் தீங்கு எண்ணியவரல்லர். ஆயினும் அவர் தொடங்கிய அக்கருவி பிறர் கைகளில் செம்மையடைந்து ஆலைகளை நிரப்பியபோது, வீட்டு முற்றத்தில் தறி வைத்து உழைத்த கிராமத்து நெசவாளர்களின் கூலி ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. 1820 ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் ஏறத்தாழ 240,000 பருத்திக் கைத்தறி நெசவாளர்கள் இருந்ததாகவும், 1850 ஆம் ஆண்டளவில் அத்தொகை ஐம்பதினாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டதாகவும் வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். கையால் நூல் நூற்ற பெண்களின் தொழில் அதற்கும் முன்னரே அழிந்துபோயிற்று.

அவர்கள் சோம்பேறிகளா? இல்லை. விடியற்காலை முதல் இரவு வரை உழைத்தவர்கள். துணி பெருகியது, விலை குறைந்தது, ஏற்றுமதி வளர்ந்தது. நாட்டின் கணக்கேட்டில் எல்லாம் இலாபமாகவே தெரிந்தது. அந்த ஏட்டில் நெசவாளியின் பசிக்கு மட்டும் ஒரு நிரல் இருக்கவில்லை. பின்னர் அதே ஆலைத்துணி கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. அங்கும் எண்ணற்ற தறிகள் நின்றன. அந்த இந்தியாவிலேதான் நம் கதாநாயகர் பிறந்தார்.

தஞ்சையிலிருந்து இலண்டனுக்கு

1892 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் திகதி தஞ்சாவூரில், பக்தி மிக்க சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தார் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தையார் பொதுப்பணித் துறையில் அலுவலர். தாயார் எஸ்தர் அம்மையார் பிள்ளைகளின் மனத்தில் இறைப்பற்றையும் ஏழைகள்பால் இரக்கத்தையும் ஊன்றி வளர்த்தார்.

1912 ஆம் ஆண்டில் இளைஞர் ஜோசப் இலண்டன் சென்று கணக்காய்வுத் துறையில் பயின்று தேர்ச்சி பெற்றார். அங்கேயே பணியும் செய்தார். முதலாம் உலகப் போர் முடிந்த பின்னர் தாயின் விருப்பத்துக்கிணங்கத் தாயகம் திரும்பி, பம்பாயில் கணக்காய்வு நிறுவனம் நடத்தினார். உடை, உணவு, பேச்சு யாவற்றிலும் ஆங்கிலேய கனவானாகவே விளங்கினார். வசதிக்குக் குறைவில்லை. ஞாயிறுதோறும் ஆலயம் செல்லும் நல்ல கிறிஸ்தவர். அவ்வளவோடு அவருடைய வாழ்வு முடிந்திருக்கலாம். நம்மில் பலருடைய வாழ்வு அப்படித்தானே முடிகிறது?

ஆண்டவர் அவரை அப்படியே விட்டுவிடவில்லை. 1927 ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற அவர், முதலில் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்திலும் பின்னர் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். அக்காலத்தில் ஓர் ஆலயத்தில் இந்தியாவின் வறுமையைப் பற்றி உரையாற்ற நேர்ந்தது. அவ்வுரை பற்றிய செய்தி நாளிதழில் வெளிவர, அதைக் கண்ட அவருடைய பேராசிரியர் செலிக்மன் அப்பொருளிலேயே ஆய்வு செய்யுமாறு பணித்தார். கணக்காய்வாளர் இப்போது ஒரு நாட்டின் கணக்கைத் திறந்தார். வரி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, யார் கொடுக்கிறார், யார் உண்கிறார் என்று வரி வரியாகப் பார்த்தார். ஏழையிடமிருந்து பெற்றது ஏழைக்குத் திரும்பவில்லை என்பதை அவ்வேடுகளே அவருக்குக் காட்டின. அதுவரை தாம் நன்மையென்று நம்பிய ஆட்சியின் மறுபக்கத்தை அவர் கண்டார்.

தாயகம் திரும்பிய பின்னர் அவரும் அவருடைய சகோதரரும் கொர்னேலியஸ் என்ற பெயரை நீக்கித் தம் குடும்பத்து முன்னோரின் பெயரான குமரப்பாவை ஏற்றனர். பெயர் மாறியது. விசுவாசம் மாறவில்லை. இறுதிவரை அவர் ஜோசப் குமரப்பாவாகவே, இயேசுவின் சீடராகவே வாழ்ந்தார்.

மண் தரையில் ஒரு சந்திப்பு

1929 ஆம் ஆண்டு மே மாதம் 9 ஆம் திகதி. தம் ஆய்வேட்டைக் காந்தியடிகளிடம் காட்டும் பொருட்டுச் சபர்மதி ஆச்சிரமம் சென்றார் குமரப்பா. மேலைநாட்டு உடையும் கைத்தடியுமாக நின்ற அவர், ஒரு மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து இராட்டை சுற்றிக்கொண்டிருந்த முதியவரைக் கண்டார். சந்திப்பு நேரம் வரும்வரை காத்திருந்த அவருக்கு அம்முதியவரே காந்தியடிகள் என்பது பின்னரே விளங்கியது. உயர்ந்த உடையையும் பொருட்படுத்தாது அவரும் அம்மண் தரையில் அமர்ந்தார்.

ஏழையோடு ஒரே தரையில் அமரும் வரை ஏழையின் கணக்கு விளங்காது. அன்று அமர்ந்தவர் பின்னர் அத்தரையைவிட்டு எழவேயில்லை எனலாம். பம்பாய்த் தொழிலை விட்டார். கதராடை பூண்டார். திருமணமும் செய்துகொள்ளவில்லை.

காந்தியடிகள் அவருக்குத் தந்த முதற்பணிகளில் ஒன்று குஜராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள மாதர் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய்வது. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தார். உழவரின் வரவு என்ன, செலவு என்ன, கடன் எவ்வளவு என்று வீட்டு வாசலில் அமர்ந்து எழுதினார். அரசாங்கத்தின் ஏடுகள் சொல்லாததைக் குடிசைகளின் அடுப்புகள் சொல்லின. 1930 ஆம் ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்த காலத்தில் காந்தியடிகளின் இதழை நடத்தும் பொறுப்பையும் ஏற்றுச் சிறை புகுந்தார். இயேசுவைப் பின்பற்றுவோர் அநீதியின் பக்கம் நிற்கலாகாது என்று தம் சபைத் தலைவர்களோடு துணிந்து வாதிட்டார்.

கொடையின் கணக்கு

அவருடைய நேர்மைக்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 1934 ஆம் ஆண்டு ஜனவரியில் பீகாரைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. நிவாரண நிதியின் கணக்குகளைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. துயருற்றோரைக் காணக் காந்தியடிகள் தம் குழுவினரோடு வந்தபோது, அவர்களுடைய உணவுச் செலவுக்கும் பயணச் செலவுக்கும் நிவாரண நிதியிலிருந்து பணம் தர இயலாது என்று குமரப்பா தெரிவித்துவிட்டார். வீடிழந்தோருக்கென்று மக்கள் கொடுத்த காசு வீடிழந்தோருக்கே உரியது என்பது அவருடைய கணக்கு. தலைவர் என்பதற்காக அக்கணக்கு வளையவில்லை. காந்தியடிகளும் அதற்காக அவர்மீது கோபம் கொள்ளவில்லை. அவரை மேலும் நம்பினார்.

ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணப் பொருள்கள் வந்து குவிந்த நாட்களைக் கண்ட நம் கரையோரத்து மக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கொடையாக வந்த ஒரு காசும் இறைவனின் காசு. அதன் கணக்கு இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது.

கிராமத்தின் கைகள்

1934 ஆம் ஆண்டு இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் தோற்றுவிக்கப்பட்டது. அதன் செயலாளராகக் குமரப்பா பொறுப்பேற்றார். மகன்வாடி என்ற அவ்விடத்தில் அவர் செய்த பணிகளைப் பாருங்கள். உரலில் குத்திய அரிசியில் தவிடு தங்குவதால் சத்தும் தங்குகிறது. ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி அதை இழக்கிறது என்று மக்களுக்கு எடுத்துரைத்தார். மாட்டுச் செக்குகள் செம்மைப்படுத்தப்பட்டன. பனை மரத்திலிருந்து வெல்லம் காய்ச்சவும், தேனீ வளர்க்கவும், கையால் காகிதம் செய்யவும், சவர்க்காரம் செய்யவும் இளைஞர்கள் பயிற்றப்பட்டனர். மண்ணெண்ணெய்க்குப் பதில் உள்ளூர்த் தாவர எண்ணெயில் எரியும் விளக்கொன்றும் அங்கு உருவாக்கப்பட்டது. கிராமத்தில் விளைந்த எண்ணெய் கிராமத்து வீட்டில் ஒளி தரட்டும், அதற்குரிய காசு செக்காட்டியின் வீட்டில் தங்கட்டும் என்பதே நோக்கம்.

இயந்திரம் என்றாலே வெறுத்தவர் அவர் என்று எண்ணிவிடாதீர்கள். கருவி மனிதனுக்கு ஊழியம் செய்ய வேண்டும். மனிதன் கருவிக்கு அடிமையாகலாகாது என்பதே அவர் நிலைப்பாடு. உழைப்பு வெறும் கூலிக்குரிய சுமையன்று. மனிதனின் அறிவும் பொறுமையும் நேர்மையும் உழைப்பிலே வளர்கின்றன. நாசரேத்தில் நம் ஆண்டவர் தச்சுத் தொழில் செய்த நீண்ட ஆண்டுகளை வீணான ஆண்டுகள் என்று யார் சொல்வார்?

1942 ஆம் ஆண்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து மீண்டும் சிறை. ஜபல்பூர்ச் சிறையில் உடல் நலிந்தது. ஆயினும் அங்கேயே இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டும் 1945 ஆம் ஆண்டில் வெளிவந்தன. இரண்டுக்கும் காந்தியடிகளே முன்னுரை எழுதினார். ஒரே மனிதர், ஒரே சிறையில், ஒரு கையால் நற்செய்தியையும் மறு கையால் பொருளாதாரத்தையும் எழுதினார் என்றால், அவை அவருக்கு இரண்டல்ல என்பது விளங்கவில்லையா?

பொருளாதார நூலில் அவர் காட்டும் உவமைகள் சிறு பிள்ளைக்கும் விளங்குபவை. புலி தன் உணவுக்காக ஓர் உயிரையே அழிக்கிறது. குரங்கு தோப்பில் புகுந்து, தான் நடாத மரத்தின் கனியைப் பறித்து உண்கிறது. பறவை தன் உழைப்பால் தன் கூட்டைக் கட்டுகிறது. தேனீ தனக்காக மட்டுமன்றிக் கூட்டம் முழுவதற்குமாகத் தேன் சேர்க்கிறது. தாய்ப்பறவையோ கைம்மாறு எதையும் எதிர்பாராது குஞ்சுக்கு இரை தேடுகிறது. மனிதன் புலியிலிருந்து புறப்பட்டுத் தாய்ப்பறவையை நோக்கி வளர வேண்டும் என்பது அவருடைய பொருளாதாரம். நாம் அதைச் சிலுவையின் பாதை என்போம்.

இன்னொன்றும் அவர் வலியுறுத்தினார். ஒரு பொருளை வாங்குபவர், அப்பொருள் உருவான விதத்துக்கும் பொறுப்பாளி. உழைத்தவனின் கூலி பறிக்கப்பட்டுச் செய்யப்பட்ட பொருளை அறிந்தே வாங்குபவர் அப்பாவத்திலும் பங்கு வாங்குகிறார். ஆகவே கடையும் ஒரு மனச்சான்றுப் பரிசோதனை நடக்கும் இடமே.

தோற்றவரா?

சுதந்திரத்துக்குப் பின்னர் நிலச் சீர்திருத்தம் பற்றி ஆராய அமைக்கப்பட்ட காங்கிரஸ் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். ஆனால் புதிய இந்தியா பெருந்தொழில்களின் பாதையையே தெரிந்துகொண்டது. குமரப்பாவின் குரல் அரச மண்டபங்களில் எடுபடவில்லை. பதவியை நாடாத அவர், உடல் நலிவுற்ற நிலையில் மதுரை மாவட்டத்திலுள்ள டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆச்சிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1960 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் திகதி, காந்தியடிகள் சுடப்பட்டு இறந்த அதே நாளில், தமது 68 ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார்.

உலகத்தின் கணக்கில் அவர் தோற்றவர். ஆயினும் மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நாம் அறிவோம். இயற்கையை அழிக்கும் வளர்ச்சி வளர்ச்சியல்ல என்று உலகம் பேசத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவர் அதை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவரல்லர். ஆயினும் அவர் நடந்த பாதையும் நம் திருச்சபையின் போதனையும் அருகருகே செல்கின்றன. அவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டான 1891 இல் திருத்தந்தை 13 ஆம் சிங்கராயர் தொழிலாளரின் உரிமைகளுக்காகச் சுற்றுமடல் எழுதினார். 1955 ஆம் ஆண்டில் திருத்தந்தை 12 ஆம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கினார். 2015 ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ், நம் பொதுவான இல்லமாகிய பூமியைப் பேணுவது பற்றி எழுதிய மடலில், பொருள் வாங்குவது பொருளாதாரச் செயல் மட்டுமல்ல, அறநெறிச் செயலும் ஆகும் என்பதை நினைவூட்டினார்.

நம் வாசலில்

அன்புக்குரிய குடும்பங்களே, குமரப்பாவைப் போல நாம் அனைவரும் தொழிலைத் துறந்து கிராமம் செல்ல வேண்டுமென்று ஆண்டவர் கேட்கவில்லை. நம் வாசலைத் தாண்டிப் பார்க்கச் சொல்கிறார். மருதமுனையில் தறியில் அமர்ந்திருப்பவர், களப்பு ஓரத்தில் பன் அறுத்துப் பாய் இழைக்கும் தாய், விடியலில் கரைவலை இழுப்பவர், வயலில் குனிந்து நிற்பவர் ஆகியோரே இன்று நம் அயலார். அவர்களில் பலர் இஸ்லாமியர், பலர் இந்துக்கள், சிலர் நம்மவர். நல்ல சமாரியனின் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனின் மதத்தை ஆண்டவர் குறிப்பிடவில்லை.

2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று நம் ஆலயங்களில் சிந்திய இரத்தத்தை நாம் மறக்கவில்லை. மறக்கவும் முடியாது. ஆனால் அதன் பின்வந்த மாதங்களில், அக்குற்றத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத எளிய இஸ்லாமிய வியாபாரிகளின் கடைகளையும் மக்கள் ஒதுக்கினர். அப்போது வாடியது குற்றவாளியின் குடும்பமா, அன்றாடம் உழைத்து உண்பவரின் குடும்பமா? காயம் நம்முடையது. அதைக் காரணம் காட்டி ஏழை ஒருவரின் அடுப்பை அணைக்கும் உரிமையை நம் ஆண்டவர் நமக்குத் தரவில்லை. நாம் எங்கே வாங்குகிறோம் என்பதும் மன்னிப்பின் ஒரு மொழியே.

ஆகவே இவ்வாரம் மூன்று சிறு முயற்சிகளை மேற்கொள்வோம். முதலாவது, அடுத்த திருநாளுக்கு ஆடை வாங்கும்போது குடும்பத்தில் ஒருவருக்கேனும் நம் பகுதிக் கைத்தறியில் நெய்த துணியை வாங்குவோம். இரண்டாவது, பெரிய கடையில் எழுதிய விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு, தெருவோரம் பாய் விற்கும் தாயிடம் பத்து ரூபாவுக்காகப் பேரம் பேசும் வழக்கத்தைக் கைவிடுவோம். மூன்றாவது, தகப்பன் செய்யும் கைத்தொழிலைச் சொல்ல வெட்கப்படும் நிலைக்கு நம் பிள்ளைகளை வளர்க்காதிருப்போம். சூசையப்பரின் பட்டறையில் வளர்ந்தவரையே அவர்கள் ஆண்டவர் என்று அழைக்கிறார்கள் என்பதைச் சொல்லிக் கொடுப்போம்.

மாதக் கடைசியில் வீட்டுச் செலவுக் கணக்கை எழுதும்போது ஒரு கணம் நின்று, இப்பணம் யாருடைய கைகளுக்குச் சென்றது என்று இறைவன் திருமுன் கேட்டுப் பாருங்கள். குமரப்பா தம் ஏடுகளில் தேடியது அந்தக் கைகளைத்தான்.

மன்றாடுவோம்: தச்சுப் பட்டறையில் உழைத்த ஆண்டவராகிய இயேசுவே, எங்கள் ஊர்களில் கைகளால் உழைத்து உண்ணும் எல்லோரையும் ஆசீர்வதியும். அவர்களுடைய உழைப்புக்குரிய விலையை மனமுவந்து கொடுக்கும் நேர்மையை எங்களுக்குத் தாரும். மதமும் இனமும் பாராது அயலாரின் அடுப்பு எரிய வேண்டுமென்று விரும்பும் இதயத்தை எங்கள் குடும்பங்களில் உருவாக்கியருளும். ஆமென்.